குன்னூர்ப் புறாக்களும் ராஜபாளையம் காடைகளும்

முன்னாள் மாணவர் சங்க மலருக்கு ஒரு அறிவியல் அறிஞரின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டபோது, சர் சி.வி. ராமனையோ ராமானுஜனையோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது குன்னூரில் புறாக்களையும் எலிகளையும் வைத்துக்கொண்டு, நாம் தினமும் உண்ணும் சோற்றை ஆராய்ந்த ஒரு ஐரிஷ் டாக்டரின் கதையை. அவர் பெயர் சர் ராபர்ட் மெக்காரிசன்.

எஞ்சினியருக்கும் இதற்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் ஒரு காடைப் பண்ணையில் ஆரம்பித்தது.

ஹாஸ்டலில் என்னோடு இருந்த நண்பன் ஒருவன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். சில வருஷங்களுக்கு முன் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில், மேற்கே மலையைப் பார்த்த மாதிரி ஒரு துண்டு நிலத்தில், ஜப்பான் காடை வளர்க்க ஆரம்பித்தான். குஞ்சுக் கொட்டகைக்கு வெப்பத்தைச் சீராக வைக்கும் கன்ட்ரோல் சர்க்யூட் நான் செய்து கொடுத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தீவனச் செலவைக் குறைக்க வழி உண்டா என்று அவன் கேட்டபோது, நான் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டு, ரெடிமேட் தீவனத்தைப் பாதியாகவும் அதற்கும் கீழாகவும் குறைத்துவிட்டு, மில்லில் மலிவாகக் கிடைக்கும் பச்சரிசிக் குருணையைப் போடலாம் என்று யோசனை சொன்னேன். கிலோவுக்கு எத்தனை ரூபாய் மிச்சம் என்பது வரை சரியாகச் சொன்னேன். கணக்கில் தப்பே இல்லை!

இரண்டு வாரம் கழித்து இரவு பத்து மணிக்கு போன் வந்தது. குஞ்சுகள் தலையைப் பின்னால் முதுகோடு மடக்கி, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கின்றன, கால் நிற்கமாட்டேன் என்கிறது என்றான். ராணிக்கெட் நோயாக இருக்குமோ, மொத்தமும் போய்விடுமோ என்று இரண்டு பேரும் பயந்துபோனோம். மறுநாள் காலை வந்த கால்நடை மருத்துவர் குஞ்சை ஒரு நிமிஷம் கையில் எடுத்துப் பார்த்தார். என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. பி1 வைட்டமின் குறைவு என்று சொல்லி, குடிக்க முடிந்தவற்றுக்குத் தண்ணீரில் கலந்தும், முடியாதவற்றுக்கு ஊசி மூலமும் மருந்து கொடுத்தார். அன்று சாயங்காலமே பல குஞ்சுகளின் தலை நேராகிவிட்டது. முந்நூறில் நாற்பதுக்கு மேல் பிழைக்கவில்லை. நண்பன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

குன்னூரில் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு டாக்டர் புறாக்களுக்கு வேண்டுமென்றே இதைச் செய்து பார்த்துவிட்டாரே என்று அந்த மருத்துவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் அந்த டாக்டரைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். படித்ததன் சாரம்தான் இனி வருவது.

மலைநாட்டில் ஒரு இளம் டாக்டர்

ராபர்ட் மெக்காரிசன் 1878-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள போர்ட்டடவுன் என்ற ஊரில் பிறந்தார். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் காலேஜில் மருத்துவம் படித்து 1900-ல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த ஆண்டே இந்திய மருத்துவப் பணியான ஐ.எம்.எஸ்ஸில் சேர்ந்தார். தன்னுடைய இருபத்து மூன்றாவது பிறந்தநாளன்று இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார் என்பது குறிப்பிடத்தக்கது.

முதல் உத்தியோகம் வடமேற்கு எல்லையில், சித்ரால் பகுதியில் படைவீரர்களுக்கு டாக்டர் வேலை. அங்கே வெயில் காலத்தில் வீரர்களை மூன்று நாள் படுத்திவிட்டுப் போகும் ஒரு காய்ச்சல் இருந்தது. அதைக் கவனித்து விவரமாக எழுதி, மணல் ஈக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று சந்தேகித்தார். பிறகு கில்கிட்டில் சர்ஜனாக இருந்தபோது கழுத்துக்கழலை நோயைக் கையில் எடுத்தார். ஒரே வாய்க்கால் தண்ணீர் மேலே உள்ள கிராமத்திலிருந்து அடுத்தடுத்த கிராமங்களுக்கு இறங்கி வருகிறது. கீழே போகப்போக கழலை உள்ளவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. தண்ணீரில்தான் விஷயம் இருக்கிறது என்று முடிவு செய்து, அந்தத் தண்ணீரை வடிகட்டி, தங்கிய கசடைத் தானே குடித்தார்! முன்வந்த சிலருக்கும் கொடுத்தார். அவர்களில் சிலருக்குக் கழுத்து வீங்கியது. கொதிக்கவைத்த கசடைக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை.

இன்றைக்கு நமக்குத் தெரியும், கழுத்துக்கழலைக்கு முக்கிய காரணம் அயோடின் பற்றாக்குறை. ஆகவே அவர் சொன்ன விளக்கம் முழுமையானது இல்லை. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார், ஒரு பிரிவுக்குக் கொடுத்து மறு பிரிவுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டார். அதனால்தான் அவர் குறிப்புகள் பின்னால் வந்தவர்களுக்கும் பயன்பட்டன.

கில்கிட்டுக்கு அடுத்த ஹுன்சா பள்ளத்தாக்கு மக்களின் உடற்கட்டைப் பார்த்து அவர் வியந்ததும் இந்தக் காலத்தில்தான். அந்த மக்கள் நூற்று இருபது வயது வாழ்கிறார்கள் என்பது போன்ற கதைகள் பிற்காலத்தில் மற்றவர்கள் கட்டிவிட்டவை. மெக்காரிசன் மனதில் எழுந்த கேள்வி எளிமையானது. ஒரே நாட்டில் ஒரு பகுதி மக்கள் திடமாகவும் இன்னொரு பகுதி மக்கள் நோஞ்சானாகவும் இருப்பதற்கு அவர்கள் சாப்பாடு காரணமா?

கோழி சொன்ன பாடம்

இந்த இடத்தில் கொஞ்சம் முன்கதை வேண்டும். பெரிபெரி என்று ஒரு நோய். கால் மரத்துப்போகும், நடக்க முடியாது, சிலருக்கு உடம்பு வீங்கி இருதயம் நின்றுவிடும். ஆசியாவில் அரிசி சாப்பிடும் நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற நோய் இது. கிருமிதான் காரணம் என்று நினைத்து ஜாவாவில் டச்சு டாக்டர் ஐக்மன் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வகக் கோழிகளுக்கு அதே மாதிரி வாதம் வந்தது. பிறகு திடீரென்று தானாகவே குணமாகிவிட்டது. விசாரித்தால், கோழிகளுக்குச் சில மாதம் ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர் கோழிக்கு ராணுவச் சோறா என்று நிறுத்திவிட்டார்! தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. இந்தக் கவனிப்புக்கு 1929-ல் ஐக்மனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1912-ல் காசிமிர் ஃபங்க் என்பவர், புறாக்களை வைத்து ஆராய்ந்து, தவிட்டில் உள்ள அந்தப் பொருளுக்கு வைட்டமின் என்ற பெயரைச் சூட்டினார்.

ஏன் பறவைகள்? காரணம் மிகவும் நடைமுறையானது. தீட்டிய அரிசி மட்டும் தின்றால் புறாவுக்கு மூன்று வாரத்துக்குள் நோய் வந்துவிடும். அறிகுறியைக் கண்ணால் பார்க்கலாம், தலை பின்னால் மடங்கிவிடும். பி1 உள்ள பொருளைக் கொடுத்தால் சில மணி நேரத்தில் தலை நேராகும். அளவுகோலைப் போல, எந்தப் பொருளில் பி1 எவ்வளவு இருக்கிறது என்று புறாவை வைத்தே அளக்கலாம். ரசாயன முறையில் அளக்கத் தெரியாத காலத்தில் புறாதான் மீட்டர்.

குன்னூரில் ஒரு அறை

மெக்காரிசன் 1913-ல் முழுநேர ஆராய்ச்சிக்காக கசௌலி வந்தார். இடையில் முதல் உலகப்போர் வந்து அவரைப் படையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. 1918-ல் குன்னூருக்கு வந்து சேர்ந்தார். அங்கே வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்க 1907-ல் ஆரம்பித்த பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இருந்தது. அதில் ஒரே ஒரு அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பெரிபெரி விசாரணைப் பிரிவு என்று அதற்குப் பெயர். நம் லேப்பில் கம்ப்யூட்டர் போதவில்லை, ஏ.சி. வேலை செய்யவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் தம்பிகள் அந்த ஒற்றை அறையை நினைத்துக்கொள்ளவும்.

பெரிபெரி ஆராய்ச்சிக்கு சென்னை மாகாணம் பொருத்தமான இடம். அன்றைய மாகாணத்தின் வடக்கே, தெலுங்குக் கடற்கரை ஜில்லாக்களில் இந்த நோய் இருந்தது. தெற்கே தமிழ் ஜில்லாக்களில் அரிதாகவே இருந்தது. இரண்டு இடத்திலும் அரிசிதான் சாப்பாடு. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி. இங்கே புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் பி1 தண்ணீரில் கரைந்து அரிசியின் உள்ளே போய்விடுகிறது. அப்புறம் தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடுகிறது. நம் பாட்டிமார்கள் வைட்டமின் என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆனால் அவர்கள் நெல் அவித்த அந்தப் பெரிய அண்டா எத்தனை கால்களை முடங்காமல் காத்திருக்கிறது!

மெக்காரிசன் தன் புறாக்களுக்கு அழுத்தச் சூட்டில் வேகவைத்து வைட்டமினை அழித்த அரிசியைக் கொடுத்தார். நோய் வந்ததோடு அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு புறாவையும் அறுத்து, ஒவ்வொரு உறுப்பையும் நிறுத்து, நுண்நோக்கியில் பார்த்து எழுதினார். நரம்பு மட்டும் கெடவில்லை. குடல் மெலிந்திருந்தது, பல சுரப்பிகள் சுருங்கியிருந்தன, அட்ரீனல் சுரப்பி மட்டும் பெருத்திருந்தது. குரங்குகளிலும் குடல் கோளாறு வந்தது. நோய் வெளியே தெரிவதற்கு முன்பே, குறையுள்ள சாப்பாடு உடம்பை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அவர் கண்டுபிடிப்பின் சாரம். 1921-ல் இவற்றையெல்லாம் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். உலகம் குன்னூரைத் திரும்பிப் பார்த்தது.

1923-ல் அரசாங்கம் செலவைக் குறைக்கிறேன் என்று அந்தப் பிரிவையே மூடிவிட்டது. நானும் தீவனச் செலவைக் குறைத்தவன்தானே, இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. மெக்காரிசன் இங்கிலாந்து போனார். ஆனால் விடவில்லை. 1925-ல் பிரிவு மறுபடி உயிர் பெற்றது. 1928-ல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அவரே முதல் டைரக்டர்.

ஏழு கூண்டும் நம் சாப்பாடும்

அவருடைய மிகப் பிரபலமான பரிசோதனை இனிமேல்தான். ஒரே வயது, ஒரே எடை உள்ள எலிக்குட்டிகளை ஏழு கூட்டமாகப் பிரித்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்காக்கள், கன்னடர், வங்காளிகள், சென்னை மாகாணத்தார் ஆகிய ஏழு வகை மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை அப்படியே சமைத்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். முடிவில் நிறுத்துப் பார்த்தால், சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலி சராசரி 235 கிராம். வரிசையில் கடைசி யார் தெரியுமா? நாம்தான்! 155 கிராம்.

சீக்கியர் தட்டில் முழுக்கோதுமை சப்பாத்தி, பால், வெண்ணெய், மோர், பருப்பு, பச்சைக் காய்கறி, பழம், எப்போதாவது கறி. நம் தட்டில் கழுவிக் கழுவிச் சத்துப்போன தீட்டிய அரிசிச் சோறு மலையாக. பருப்பு, காய்கறி, பால், மோர் எல்லாம் பெயருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இதைக் கேட்டுக் கோபப்படக்கூடாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா ஊர்தான் அது. ஆனால் கறந்த பாலெல்லாம் கோவாவாகி பஸ் ஏறிப் போனால், கறந்த வீட்டுப் பிள்ளைக்கு டம்ளரில் என்ன மிஞ்சும் என்று மெக்காரிசன் கேட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதில் இனப்பெருமைக்கோ இன இழிவுக்கோ இடமில்லை. எல்லாம் ஒரே ஜாதி எலிகள். மாறியது தட்டு மட்டுமே. அவர் தன் சொந்த நாட்டையும் விடவில்லை. இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளி சாப்பிடும் வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ, டப்பா இறைச்சி, ஜாம் ஆகியவற்றை இன்னொரு கூட்டத்துக்குக் கொடுத்தார். அந்த எலிகள் வளராததோடு, எரிச்சல் பிடித்து வேலையாட்களைக் கடித்தன. பலவீனமானவற்றைக் கொன்று தின்றன. மறுபக்கம், நல்ல சாப்பாடு, சுத்தமான கூண்டு, வெயில் ஆகியவற்றோடு வளர்த்த சுமார் ஆயிரம் எலிகளில் இரண்டேகால் ஆண்டுகளில் நோய் என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை.

மண்ணுக்குப் போடும் உரம் தானியத்தின் சத்தை மாற்றுமா என்று கோயம்புத்தூர் வேளாண் ரசாயனர் பி. விஸ்வநாத் அவர்களோடு சேர்ந்து சிறுதானியத்திலும் கோதுமையிலும் பார்த்தார். சிறுநீர்ப்பைக் கல்லுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவை எலிகளில் காட்டினார். பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் படிக்கும்படி, உணவைப் பற்றிச் சின்னதாக ஒரு பாடப்புத்தகமும் எழுதினார். ஆராய்ச்சி முடிவு ஆய்வேட்டில் தூங்கக்கூடாது, அடுப்பங்கரைக்குப் போகவேண்டும் என்ற நினைப்பு அவருக்கு இருந்திருக்கிறது.

1933-ல் சர் பட்டம். 1935-ல் ஓய்வு பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறினார். 1960-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி காலமானார். குன்னூர் ஆராய்ச்சிக் கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்கிவருகிறது. ஒற்றை அறையில் போட்ட விதை!

சின்னப் பறவையின் பங்கு

பி1 கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1926-ல் ஜாவாவில் யான்சன், டோனாத் என்ற இருவர் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தார்கள். அவர்கள் பரிசோதித்தது நெல் வயலில் மேயும் மிகச் சிறிய சில்லைக் குருவிகளில். பறவை சிறியதாக இருந்தால், அரும்பாடுபட்டுப் பிரித்த மருந்து கொஞ்சம் போதுமே! 1936-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய ஆர்.ஆர். வில்லியம்ஸ் அமெரிக்கர், ஆனால் 1886-ல் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில்.

இதே சிறிய உருவம் என்ற காரணம்தான் பிற்காலத்தில் ஜப்பான் காடையையும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தது. பதினேழு பதினெட்டு நாளில் பொரிக்கும், ஆறேழு வாரத்தில் முட்டையிடும், ஒரு கோழி இருக்கும் இடத்தில் பல காடை இருக்கும். ஒரே வருஷத்தில் மூன்று நான்கு தலைமுறை பார்த்துவிடலாம். ஊட்டச்சத்து, மரபியல், கரு வளர்ச்சி, பூச்சிமருந்தின் நச்சு என்று பல துறைகளில் பயன்பட்டது. 1990-ல் சோவியத் யூனியனின் மிர் விண்வெளி நிலையத்தில் முதன்முதலாக முட்டையிலிருந்து பொரித்த பறவையும் இந்த ஜப்பான் காடைதான். நம் நாட்டுக்கு அது 1974-ல் வந்தது. சாயங்காலம் ராஜபாளையம் பஜாரில் நாம் பொரித்துச் சாப்பிட்ட காடையின் சொந்தக்காரர் விண்வெளி வரைக்கும் போய்வந்திருக்கிறார்!

மனதில் ஒன்று உறுத்தாமல் இல்லை. நமக்காக எத்தனை புறா, எத்தனை எலி தலை மடங்கிச் செத்திருக்கும்? 1960-ல் வந்த பிராணிவதைத் தடுப்புச் சட்டம் முதல் இன்று வரை, ஆய்வுக்கு விலங்கைப் பயன்படுத்த விதிகள் கூடியிருக்கின்றன. அது நியாயம். அந்தப் பறவைகள் பட்ட பாட்டில் கிடைத்த அறிவு புத்தகத்தில் இருந்தும், அதைப் படிக்காமல் மறுபடி நாற்பது குஞ்சுகளைச் சாகவிட்டேனே, அதுதான் நியாயமில்லை. குன்னூரில் செத்த புறா ஒவ்வொன்றுக்கும் ஒரு எடைக்குறிப்பு இருக்கிறது. என் கணக்கில் செத்தவற்றுக்கு ஒரு ரூபாய்க் கணக்குதான் இருந்தது.

நண்பனின் பண்ணை இப்போது நன்றாக நடக்கிறது. தீவன மூட்டையை என்னிடம் கேட்காமலே வாங்குகிறான். கொட்டகை வாசலில் கட்டியிருக்கும் ராஜபாளையம் நாய் என்னைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே குரைக்கிறது. அதுவும் கேள்விப்பட்டிருக்கும் போல!

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் எந்தத் துறையில் கணக்குப் போட்டாலும், எதைக் குறைக்கிறோம் என்று பார்ப்பதோடு, குறைத்ததில் என்ன இருந்தது என்றும் ஒரு தரம் விசாரித்துவிடுங்கள். தெரியாவிட்டால் அடுத்த துறைக்காரரைக் கேட்க வெட்கப்படாதீர்கள். கூடவே, ஹாஸ்டல் மெஸ்ஸில் சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். 155 கிராம் நமக்கு வேண்டாம்.